சொல்ல ஒருத்தர், அமுக்க ஒருத்தர்

பையை மேல வைக்க வேண்டாம் தம்பி, எவனாவது பிரேக் போட்டா தலையில விழும். இங்க என் காலுக்குப் பக்கத்துல வச்சுக்குங்க, இடம் இருக்கு. பெரம்பலூர்தானே? நானும் அங்கதான். காதுல மாட்டியிருக்கறதைக் கழட்ட வேண்டாம், நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டு வருவேன், கேட்டா கேளுங்க, கேக்காட்டி நீங்க பாட்டுக் கேளுங்க. கழட்டிட்டீங்களா? நல்ல புள்ளை. இந்தக் காலத்துல கழட்ட மாட்டாங்க. காலையில வரும்போது பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்தான், சமயபுரம் வரைக்கும் நான் பேசினேன், இறங்கும்போது பாக்கறேன், அவன் தூங்கிட்டிருக்கான்.

பைக்குள்ள லேப்டாப்பா? அப்ப கம்ப்யூட்டர் வேலைதான். அப்படின்னா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஒரு மவுஸ் சரியில்லன்னா ஒரு புள்ளையோட வருஷமே போயிடுமா? சிரிக்காதீங்க. போச்சு. போன வருஷம் என் பொண்ணுக்குப் போச்சு. நானும் எழுதாத ஆபீஸ் இல்ல, கேக்காத ஆள் இல்ல. எவனும் ஒழுங்கா பதில் சொல்லல.

முதல்லேருந்து சொன்னாதான் உங்களுக்குப் புரியும். என் பேரு தனபால். சர்க்கரை ஆலையில எடைமேடை ஆபரேட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எடைமேடைன்னா பாத்திருக்கீங்களா? கரும்பு ஏத்தின டிராக்டர் அப்படியே மேல ஏறி நிக்கும். லோடோட ஒரு எடை, கரும்பை இறக்கிட்டுக் காலியாத் திரும்பும்போது ஒரு எடை. ரெண்டையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஒரு நம்பர் தப்பினா விவசாயி வயித்துல அடிச்ச பாவம். அதுக்காக எங்க ஆலையில ஒரு முறை வச்சிருந்தாங்க. ஒருத்தர் ஜன்னல் பக்கம் நின்னு மீட்டரைப் பாத்து நம்பரை உரக்கச் சொல்லணும். இன்னொருத்தர் அதைத் திருப்பிச் சொல்லிக்கிட்டே அடிக்கணும். சொல்ல ஒருத்தர், அடிக்க ஒருத்தர். தானே பாத்துத் தானே அடிக்கற ஜோலியே கிடையாது. அப்படி அடிச்சு மாட்டினா சஸ்பெண்ட். ஒரு கை தட்டினா ஓசை வருமா தம்பி?

எனக்குச் சொல்றவரா இருந்தவர் ஆரோக்கியசாமி. அரவை சீசன் முழுக்க அவர் சொல்வார், நான் திருப்பிச் சொல்லி அடிப்பேன். குடும்பம், குழந்தை, நல்லது கெட்டது, எதுவும் நாங்க பேசிக்கிட்டதில்ல. நம்பர்தான். அவர் செத்தன்னிக்கு நான் அழுத அழுகையைப் பாத்து அவர் சம்சாரமே என்னைத் தேத்திச்சு. அதை விடுங்க.

பொண்ணு பேரு சங்கவி. திருச்சியில பி.எஸ்சி புள்ளியியல் முடிச்சா. முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து, "அப்பா, கல்கத்தாவுல எம்.எஸ்சி படிக்கணும்"னா. அதுக்கு ஒரு நுழைவுத் தேர்வு. நாடு பூரா ஒரே நாள்ல கணக்குப் பேப்பர். பேனாவால எழுதறதில்ல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும். நம்ம கால்குலேட்டரைக் கொண்டுபோக விடமாட்டாங்க. அவங்க ஒத்துக்கிட்ட கால்குலேட்டர் ஒண்ணே ஒண்ணுதான், அது அந்தத் திரையிலயே ஒரு ஓரத்துல பெட்டி மாதிரி வரும். கீபோர்டு வேலை செய்யாது. எட்டுன்னா எட்டு மேல மவுஸைக் கொண்டுபோய் அமுக்கணும். புள்ளின்னா புள்ளி மேல. லாக்னு மடக்கைக் கணக்குக்கு ஒரு பட்டன், அதைப் போடணும்னா முதல்ல நம்பர், பிறகுதான் லாக். நம்ம கடைக் கால்குலேட்டர்ல போடற மாதிரி மாத்திப் போட்டா தப்பா வரும். அதுல பழகிக்கறதுக்குன்னே அதே கால்குலேட்டரை நெட்டுலயும் வச்சிருக்காங்க, யார் வேணும்னாலும் போய் அமுக்கிப் பாக்கலாம்.

சரின்னு ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி ஹால்ல போட்டேன். வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான். என் சம்சாரம் வளர்மதி ஓசூர்ல இருக்கா, பையனுக்குக் குழந்தை பிறந்துச்சு, பாத்துக்க மூணு மாசம்னு போனா. குழந்தை இப்ப ஸ்கூலுக்குப் போகுது. இன்னும் மூணு மாசம் முடியல.

முதல் நாள் சாயந்தரம் சங்கவி உக்காந்து கணக்குப் போட்டா. நான் பின்னாடி நின்னு பாத்தேன். எனக்குப் பொறுக்கல தம்பி. பேப்பர்ல நாலு வரி எழுதறா, பேனாவைக் கீழ வைக்கறா, மவுஸைப் பிடிக்கறா, அந்தப் பெட்டியில எட்டைத் தேடறா, அமுக்கறா, கை தவறி அஞ்சுல படுது, அழிக்கறா, மறுபடி பேனாவைத் தேடறா. பேனா உருண்டு மேஜைக்குக் கீழ போயிருக்கு. இப்படி எங்க எடைமேடையில பண்ணியிருந்தா டிராக்டர்காரன் வண்டியை விட்டு இறங்கி வந்து அடிப்பான். "எழுந்திரும்மா, நகந்து உக்காரு"ன்னேன். "நீ கணக்கைப் போடு, நம்பரைச் சொல்லு. அமுக்கறது என் வேலை."

"பரீட்சையில நான்தானேப்பா அமுக்கணும்?"ன்னா.

"அது அப்போ பாத்துக்கலாம். முதல்ல கணக்கு வரட்டும். எட்டு எங்க இருக்குன்னு தேடறதா ஒரு படிப்பு?"ன்னேன். தப்பா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. மூளை வேலை செய்யறவ எதுக்கு விரல் வேலையும் செய்யணும்?

அன்னியிலேருந்து தினமும் சாயந்தரம் விளக்கு போட்டதும் உக்காந்துடுவோம். அவ இடது பக்கம், நான் மவுஸ் பக்கம். அவ பேப்பரைப் பாத்துக்கிட்டே சொல்வா, "நாற்பத்தேழு புள்ளி மூணு ஆறு." நான், "நாற்பத்தேழு புள்ளி மூணு ஆறு." "பெருக்கல்." "பெருக்கல்." "பன்னிரண்டு." "பன்னிரண்டு." விடையை நான் வாசிப்பேன், அவ "சரி"ம்பா. அந்த "சரி" இருக்கே தம்பி, அதைக் கேக்கறதுக்கே நான் காலையிலேருந்து காத்துக்கிட்டு இருப்பேன். மத்தியானமே மேஜையைத் துடைச்சு வச்சிடுவேன். பக்கத்து வீட்டுல கேட்டாங்க, "என்னங்க, அப்பாவும் பொண்ணும் தினம் ஏலம் விடறீங்களா?"ன்னு. ஆமாம்னேன்.

வேகமா ஆயிட்டேன், அதையும் சொல்லணும். லாக், வர்க்கமூலம், அடுக்கு, எல்லாம் எங்க இருக்குன்னு கண்ணை மூடினாலும் தெரியும். அவ வாயை மூடறதுக்குள்ள விடை வந்துடும். ஒரு நாள் அவளே சொன்னா, "அப்பா, நீங்க இருந்தா நேரமே போகமாட்டேங்குது"ன்னு. பெத்தவனுக்கு வேற என்ன வேணும்? அந்த வருஷம் மாதிரி ஒரு வருஷம் எனக்கு வாய்ச்சதில்ல. ரிட்டையர் ஆனவனுக்கு வீட்டுல என்ன இருக்கு சொல்லுங்க. காலையில பேப்பர் பாக்கணும், மத்தியானம் சுவரைப் பாக்கணும். எனக்கு மட்டும் சாயந்தரம் ஒரு உத்தியோகம் இருந்துச்சு.

நடுவுல ஒரு சின்ன மனத்தாங்கல். ஒரு நாள் அவ ரூம்ல வெளிச்சம் தெரிஞ்சுது. எட்டிப் பாத்தா, போன்ல அந்தக் கால்குலேட்டரைப் போட்டுத் தனியா அமுக்கிக்கிட்டு இருக்கா. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் ஒருத்தன் ஹால்ல குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அது என்ன தனியா? "கண்ணு கெட்டுப்போகும்மா"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். மூணாம் நாள் அவளே வந்து பக்கத்துல உக்காந்து, "நாற்பத்து நாலு"ன்னா. புள்ளை தங்கம் தம்பி. என் மனசு கோணக் கூடாதுன்னு அதுக்கப்புறம் அந்தப் போனைத் தொடவே இல்ல.

வளர்மதிகிட்ட போன்ல இதைப் பெருமையா சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "சமையக்கட்டுல என் கையில இருந்த கரண்டியைப் பிடுங்கினீங்க, இப்ப அவ கையில இருந்த மவுஸையும் பிடுங்கிட்டீங்களா?"ன்னா. நான் ரிட்டையர் ஆன புதுசுல அவளுக்கு உதவியா சமையல் எல்லாம் நானே பண்ணினேன், அதைச் சொல்றா. ஊர்ல எவன் பொண்டாட்டிக்கு அப்படிச் செய்வான்? நல்லது செஞ்சாலும் குத்தம்.

சரி, பரீட்சை வந்துச்சு. போன வருஷம். திருச்சியில ஒரு சென்டர். நானே கூட்டிக்கிட்டுப் போய் கேட்ல விட்டேன். உள்ள போகும்போது திரும்பிப் பாத்தா. நான் கையைக் காட்டினேன். மூணு மணி நேரம் வெளியில நின்னேன், உக்காரக்கூட இல்ல. என் விரல் சும்மா இல்ல தம்பி, பேன்ட் மேலயே அமுக்கிக்கிட்டு இருக்கு.

வெளிய வந்தா. முகம் வெளிறிப் போயிருக்கு. "என்னம்மா?"ன்னேன். "டைம் பத்தலப்பா"ன்னா. பாதி கேள்விக்கு வழி தெரியுமாம், பேப்பர்ல போட்டுட்டாளாம், அந்தப் பெட்டியில அமுக்கறதுக்குள்ள நேரம் போயிடுச்சாம். எட்டுல வச்சா அஞ்சுல போகுதாம். லாக்கை முதல்ல அமுக்கிட்டு நம்பர் போட்டாளாம், மறுபடி அழிச்சு, மறுபடி போட்டு... எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. "மவுஸ் சரியில்லையாம்மா?"ன்னு கேட்டேன்.

என்னையே பாத்தா. என் கையைப் பாத்தா. அப்புறம், "ஆமாப்பா, மவுஸ்தான்"னா.

விட்டேனா? அன்னிக்கே ஆரம்பிச்சேன். தேர்வு ஆபீஸுக்கு மெயில் போட்டேன், ரிஜிஸ்டர் தபால் போட்டேன். தேர்வு தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாக் கருவியும் சோதிக்கப்பட்டதுன்னு பதில் வந்துச்சு. சோதிச்சவன் எடைமேடையில ஒரு நாள் வேலை பாத்திருந்தா தெரியும் சோதிக்கறதுன்னா என்னன்னு. மறுபடி எழுதினேன். சங்கவி வந்து கும்பிடாத குறையா, "அப்பா, விட்டுடுங்கப்பா, எனக்கு வெக்கமா இருக்கு"ன்னா. உரிமையைக் கேக்கறதுல என்னம்மா வெக்கம்னேன். அவ அழுதா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையேங்கற ஆத்தாமை, வேற என்ன?

ரிசல்ட் வந்துச்சு. கிடைக்கல. நான் சொன்னேன், "போகட்டும்மா, அடுத்த வருஷம் இருக்கு. நாம ஒரு நாள்கூட விடாம உக்காருவோம். நல்ல மவுஸா ஒண்ணு வாங்கறேன்"னு. மறுவாரம் பெட்டியை எடுத்து வைக்கறா. திருச்சியில லேடீஸ் ஹாஸ்டல் பாத்துட்டாளாம். டியூஷன் சென்டர்ல வேலையாம். கூடப் படிச்ச பொண்ணு ரெஜினாவும் அங்கதானாம், சேர்ந்து படிப்பாங்களாம்.

"படிக்கலாம்மா. உனக்கு அமுக்கிக் கொடுக்க அங்க யாரு இருக்கா?"ன்னேன்.

பெட்டி ஜிப்பை இழுத்துக்கிட்டே இருந்தா. அந்த ஜிப் எப்பவும் ஒழுங்கா மாட்டாது. "கொடு, நான் போடறேன்"னு கை நீட்டினேன். "வேண்டாம்பா, நானே போட்டுக்கறேன்"னா. ரொம்ப மெதுவாத்தான் சொன்னா. ஆனா கொடுக்கல. சங்கடப்படுறா, நம்மளுக்குச் சிரமம் கொடுக்கறோமேன்னு.

அவ போன பிறகு வீடு இருக்கு பாருங்க... எப்படிச் சொல்றது. குழாயில சொட்டுச் சொட்டா தண்ணி விழற சத்தம் அத்தனை வருஷமா எனக்குக் கேட்டதே இல்ல. இப்ப கேக்குது. டிவி போட்டா அவன் நமக்குச் சொல்றான், நாம திருப்பிச் சொன்னா கேக்கறானா? சில நாள் வாயைத் திறந்து பேச்சுன்னு ஒண்ணு வந்தா அது பால்காரன்கிட்ட "அரை லிட்டர்"னு சொன்னதுதான். சொல்றதுக்கு என்ன, அழுகையா வரும் தம்பி.

ஒரு யோசனை வந்துச்சு. சாயந்தரம் போன் போட்டேன். "சங்கவி, நீ அங்கேருந்து நம்பர் சொல்லு, நான் இங்கேருந்து அமுக்கி விடை சொல்றேன்"னேன். கொஞ்ச நாள் சொன்னா. பின்னாடி அந்த ரெஜினா சிரிக்கற சத்தம் கேக்கும். கலகலன்னு சிரிக்கற பொண்ணு போலிருக்கு. அப்புறம் ஒரு நாள், "இங்க சிக்னல் சரியில்லப்பா"ன்னா. அந்த ஹாஸ்டல் அப்படி. ஊருக்கு நடுவுல இருக்கு, சிக்னல் இல்ல.

போன் இல்லன்னா என்ன, நேரா போவோம்னு ஒரு ஞாயித்துக்கிழமை போனேன். ஆம்பளை ஆளு உள்ள போகக்கூடாது, முன்னாடி பெஞ்ச் போட்டிருக்கான், அங்கதான் பாக்கணும். வந்தா. நான் போனை எடுத்துக் கால்குலேட்டரைத் திறந்து, "ம், சொல்லும்மா"ன்னேன். சுத்திலும் நாலஞ்சு பெத்தவங்க முறுக்கும் பழமும் கொடுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவ நாலு பக்கமும் பாத்துட்டு, சின்னக் குரல்ல, "பன்னிரண்டு"ன்னா. நான் உரக்க, "பன்னிரண்டு"ன்னேன். அந்த வார்டன் அம்மா திரும்பிப் பாத்துச்சு. சங்கவி என் போனை வாங்கிக் கீழ வச்சுட்டு, "அப்பா, பரீட்சை வரைக்கும் இங்க வராதீங்க. ப்ளீஸ்"னா. அந்த ஹாஸ்டல்ல சாப்பாடு சரியில்ல தம்பி. இளைச்சிருந்தா. நான் பாத்து வருத்தப்படுவேன்னுதான் வர வேண்டாம்னு சொல்லிட்டா.

நான் விடல. அவ வந்து, "அப்பா, உக்காருங்க"ன்னு சொன்னா நமக்கு விரல் தயாரா இருக்கணுமில்ல? தினமும் சாயந்தரம் உக்காருவேன். பழைய கேள்வித்தாளை எடுத்து வச்சுக்குவேன். கணக்கு எனக்குத் தெரியாது, அதுல இருக்கற நம்பரை எல்லாம் வரிசையா அமுக்குவேன். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா, தானே பாத்துத் தானே அமுக்கறது ருசியே இல்ல. விடை வருது. வாசிக்கறேன். "சரி"ன்னு சொல்ல ஆள் இல்ல. விடைன்னா யாருக்காவது வேணுமில்ல?

இன்னிக்குத்தான் பரீட்சை. வர வேண்டாம்னு நாலு தடவை சொல்லியிருந்தா. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம். இருட்டோட பஸ் ஏறிட்டேன். சமயபுரத்துல இறங்கி ஆத்தாவைக் கும்பிட்டேன். அர்ச்சகர், "என்னன்னு வேண்டிக்கறீங்க?"ன்னார். பொண்ணுக்கு இடம் கிடைக்கணும்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், கல்கத்தா, பாஷை தெரியாத ஊர், மீன் வாடை, இவளுக்கு வேற ஒத்துக்காது... "எது நல்லதோ அதைச் செய் தாயே"ன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். ஆத்தாவுக்குத் தெரியாதா எது நல்லதுன்னு?

சென்டருக்கு எதிர்த்தாப்பல டீக்கடையில ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டேன். உள்ள போனவ என்னைப் பாக்கல. பாத்தா பதட்டப்படுவா. சரியா எழுதலன்னா, பெட்டியோட நேரா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடணும்னு இருந்தேன். ரூமைக் கூட்டிப் பெருக்கி, மெத்தையை வெயில்ல போட்டு எடுத்து வச்சுட்டுத்தான் கிளம்பினேன். ஒரு பேச்சுக்கு. எதுவும் நடக்கும் இல்லையா?

விட்டாங்க. கூட்டமா வெளிய வந்தாங்க. எல்லாம் தொங்கின மூஞ்சி. ஒருத்தன் பையைத் தரையில அடிச்சான். நடுவுல இவ வர்றா, கூட அந்த ரெஜினா. சிரிச்சுக்கிட்டு வர்றா தம்பி. நான் அவ அப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தனை நாளாச்சு. நான் தூணை விட்டு வெளிய வந்துட்டேன். என்னைப் பாத்தா. சிரிப்பு அப்படியே நின்னுச்சு. அப்புறம் ரோட்டைக் கடந்து ஓடி வந்தா.

"வந்துட்டீங்களாப்பா?"ன்னா. கோவிச்சுக்கல.

"மவுஸ் எப்படிம்மா இருந்துச்சு?"ன்னேன்.

"மவுஸ் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுப்பா. ஒரு கேள்வி விடல. எல்லாம் நானே அமுக்கினேன்."

ரெஜினா குறுக்க பூந்து, "அங்கிள், இவளைப் பத்தி என்ன நினைச்சீங்க? ஒரு வருஷமா தினம் தனியா உக்காந்து அந்தக் கால்குலேட்டரையே தட்டிக்கிட்டு இருப்பா. இப்ப ஹாஸ்டல்ல எல்லாருக்கும் இவதான் டீச்சர்"ன்னு சொல்லுது.

"நம்பரை யாரும்மா சொன்னாங்க?"ன்னு கேட்டேன்.

"யாரும் சொல்லலப்பா. மனசுக்குள்ள நானே சொல்லிக்குவேன், நானே அமுக்குவேன்."

ஒரு வருஷம். ஒரு புள்ளை. தானே சொல்லித் தானே அமுக்கி, தானே சரின்னும் சொல்லிக்கிட்டு. எவ்வளவு தனியா இருந்திருக்கா பாருங்க! பெத்தவன் ஒருத்தன் உசிரோட இருக்கேன், கூப்பிட்ட குரலுக்கு வந்திருப்பேன். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ பாத்துட்டா. "அப்பா, ஏன்ப்பா அழறீங்க? நல்லா எழுதியிருக்கேன்பா. கிடைச்சுடும்பா"ன்னு என் கையைப் பிடிச்சா. வலது கையை. பிடிச்சு அந்த விரல்களையே பாத்துக்கிட்டு இருந்தா. "சாப்பிட்டீங்களா?"ன்னா. சாப்பிட்டேன்னேன். சாப்பிடல.

புள்ளைங்க எல்லாம் சேர்ந்து எங்கயோ பிரியாணி சாப்பிடப் போறாங்களாம். என்னையும் கூப்பிட்டா, கூப்பிடாம இல்ல. சின்னஞ்சிறுசுங்க நடுவுல எனக்கென்ன வேலை? ஆட்டோ பிடிச்சு ஏத்திவிட்டா. "போயிட்டு போன் பண்ணுங்கப்பா, இப்ப நல்லா சிக்னல் கிடைக்குது"ன்னா. ஆட்டோ திரும்பற வரைக்கும் கையை ஆட்டிக்கிட்டு நின்னா.

கிடைச்சுடும் தம்பி. அவ முகத்தைப் பாத்தாலே தெரியுது. கல்கத்தாவுக்குப் போயிடுவா. ரெண்டு வருஷம்னு சொல்றா. வளர்மதி மூணு மாசம்னு போனவ. சந்தோஷமாத்தான் இருக்கு, ஏன் இருக்காது? ஊருக்கெல்லாம் சொல்லணும். யாருக்குச் சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டு வந்தேன், நீங்க வந்து உக்காந்தீங்க. மெத்தையை மறுபடி மடிச்சு வைக்கணும், வேற வேலை ஒண்ணுமில்ல.

பாடாலூர் தாண்டிட்டோமா? நீங்க பெரம்பலூர்ல எங்க, புது பஸ் ஸ்டாண்டா? அப்ப இன்னும் நேரம் இருக்கு. அந்தப் பாட்டு மிஷினை மறுபடி மாட்டாதீங்க தம்பி, ஒரு நிமிஷம். இதைப் பாருங்க, என் போன்ல வச்சிருக்கேன், இதான் அந்தக் கால்குலேட்டர். அதேதான், அச்சு அசல். எவ்வளவு வேகம்னு நீங்களே பாருங்களேன். ஏதாவது நம்பர் சொல்லுங்க. கணக்கு வேண்டாம், சும்மா உங்க வாய்க்கு வந்த நம்பர். வண்டி நம்பர், வீட்டு நம்பர், எதுவா இருந்தாலும் சரி.

ம்? முப்பத்தெட்டா? முப்பத்தெட்டு. இல்லல்ல, காது நல்லாத்தான் கேக்குது, திருப்பிச் சொல்லணும் தம்பி, அதான் முறை. முப்பத்தெட்டு. ஆச்சு.

ம், அப்புறம்? மெதுவாச் சொல்லுங்க. அவசரமே இல்ல.